இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முடிச்சு போதும்: ஆங்கில இணைப்புச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன மாதம் முதல் வேலையில் சேர்ந்தாள். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், ஆபீஸில் ஆங்கிலம். மேனேஜருக்கு மெயில் அனுப்பும் முன் என்னிடம் ஒருமுறை காட்டுவாள். முதல் வாரம் காட்டிய மெயிலில் ஒரு வரி: "ஆல்தோ தி டிராஃபிக் வாஸ் ஹெவி அட் சில்க் போர்டு, பட் ஐ ரீச்ட் ஆன் டைம்."

எழுத்துப்பிழை இல்லை, காலமும் சரி. தவறு அந்த 'பட்'டில்தான். 'ஆல்தோ' வந்துவிட்டால் 'பட்' வரக்கூடாது. இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 'ஆல்தோ'வுக்குப் பின்னால் 'யெட்' வந்தால் பழைய இலக்கணப் புத்தகங்கள் ஏற்கும். இன்றைய மெயிலுக்கு அதுவும் தேவையில்லை.

"எனக்கு அது தப்பாவே தெரியலையே அக்கா" என்றாள். தெரியாதுதான். தமிழில் இணைப்பு வேலையைப் பெரும்பாலும் வினையின் வால் செய்கிறது: வந்தால், வந்தாலும், வந்ததால், வந்ததும். ஆங்கிலத்தில் அதே வேலைக்குத் தனிச் சொல் ஒன்று வாக்கியத்தின் தலையில் வந்து உட்காரும். நாமோ பேசும்போது தலையிலும் ஒரு சொல் வைக்கிறோம். 'என்னதான் டிராஃபிக் இருந்தாலும்', 'ஒருவேளை அவர் வந்தால்', 'ஏன்னா உடம்பு சரியில்லாததனால'. முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு விகுதி. தமிழ்க் காதுக்கு அது நிறைவாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதினால் 'என்னதான்' இருந்த இடத்தில் 'ஆல்தோ' வருகிறது, 'ஆலும்' முடிந்த இடத்தில் 'பட்' வருகிறது. பூ கட்டும்போது ஒரே இடத்தில் இரண்டு முடிச்சுப் போட்ட மாதிரி.

பெங்களூரில் இதைத் திருத்த ஆள் கிடைப்பதும் கஷ்டம். பக்கத்து சீட்டில் இருப்பவர் கன்னடக்காரர் என்றால் அவர் மொழியிலும் கட்டுமானம் இதேதான். வந்தால் என்பதற்கு 'பந்தரெ', வந்தாலும் என்பதற்கு 'பந்தரூ'. நம் 'ஒருவேளை'க்கு அவர்களிடம் 'ஒந்து வேளெ' இருக்கிறது. எதிர் சீட்டு இந்திக்காரருக்கு 'ஹாலாங்கி' வந்தால் 'லேகின்' வரும். ஆக, 'ஆல்தோ... பட்' யார் காதையும் உறுத்துவதில்லை.

இதே வகையில் இன்னும் இரண்டு. "பிகாஸ் ஐ வாஸ் சிக், ஸோ ஐ டிட் நாட் கம்." இங்கே 'ஸோ' வேண்டாம். "சப்போஸ் இஃப் ஹி கம்ஸ்." இது 'ஒருவேளை அவர் வந்தால்' என்பதன் நேர் நகல். 'இஃப்' மட்டும் போதும், 'ஒருவேளை' அதற்குள்ளேயே இருக்கிறது. இன்டர்வியூவில் பதற்றத்தில் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் இந்த 'சப்போஸ் இஃப்'தான். அதனால் இதை ஒருமுறை படித்துவிட்டு விட்டுவிடாமல், சத்தமாகச் சொல்லிப் பழகச் சொல்வேன்.

அடுத்தது இலக்கணப் பிழையாகத் தெரியாது, ஆனால் அர்த்தத்தை மாற்றிவிடும். 'அப்பா வந்தா சொல்றேன்' என்கிறோம். அப்பா தினமும் ஏழு மணிக்கு வருகிறவர்தான், வருவாரா என்ற சந்தேகமே நமக்கு இல்லை. ஆனாலும் 'வந்தா'தான். இதை ஆங்கிலத்தில் 'இஃப்' என்று மாற்றினால், அப்பா வருவதும் வராததும் நிச்சயமில்லை என்றாகிவிடும். அந்தப் பெண்ணும், "இஃப் தி கிளையன்ட் கால் ஸ்டார்ட்ஸ், ஐ வில் இன்ஃபார்ம் யூ" என்று எழுதியிருந்தாள். பத்து மணிக்கு நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த கால் அது. படிக்கிறவருக்கு, கால் ரத்தாகப் போகிறதோ என்று தோன்றும். நடக்கும் என்று தெரிந்ததற்கு 'வென்', நடக்குமா என்று தெரியாததற்கு 'இஃப்'. தமிழில் 'வரும்போது', 'வந்ததும்' என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் அங்கே 'இஃப்' போடாதீர்கள். இன்னொன்று, 'இஃப்' பகுதிக்குள் எதிர்காலத்துக்காக 'வில்' போடக்கூடாது. "இஃப் இட் வில் ரெயின்" இல்லை, "இஃப் இட் ரெயின்ஸ்".

மழை என்றதும் 'இன் கேஸ்' ஞாபகம் வருகிறது. காலையில் வெயில், சாயங்காலம் கொட்டுகிற ஊர் இது. "ஐ வில் டேக் அன் அம்ப்ரெல்லா இஃப் இட் ரெயின்ஸ்" என்றால் மழை பெய்தால்தான் குடை எடுப்பேன், இல்லாவிட்டால் எடுக்க மாட்டேன் என்று பொருள். "இன் கேஸ் இட் ரெயின்ஸ்" என்றால் பெய்தாலும் பெய்யும் என்று இப்போதே பையில் குடையை வைத்துக்கொள்கிறேன். நாம் நினைப்பது இரண்டாவது, பல நேரம் எழுதுவது முதலாவது.

'ஈவன் இஃப்', 'ஈவன் தோ' இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இதற்குத் தமிழே வழி காட்டுகிறது. 'மழை பெய்தாலும் வருவேன்' என்பதில் மழை இன்னும் பெய்யவில்லை, பெய்யுமா என்றும் தெரியாது. அது 'ஈவன் இஃப்'. 'மழை பெய்தும் வந்தேன்' என்பதில் மழை பெய்துவிட்டது. அது 'ஈவன் தோ'. பெய்தாலும், பெய்தும். இந்த வேறுபாட்டை நாம் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

'அன்லெஸ்' கொஞ்சம் ஆபத்தான சொல். ஒரு அபார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். "அன்லெஸ் யூ டோன்ட் பே மெயின்டனன்ஸ், வாட்டர் வில் பி கட்." கட்டாவிட்டால் தண்ணீரை நிறுத்துவோம் என்பது எழுதியவர் எண்ணம். நோட்டீஸ் சொல்வதோ, பணம் கட்டினால் தண்ணீர் நிற்கும் என்று! 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள் 'இல்லாவிட்டால்' ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு 'டோன்ட்' வந்தால் எதிர்மறை இரண்டாகி அர்த்தம் தலைகீழாகிவிடும். "அன்லெஸ் யூ பே" என்பதே போதும். சந்தேகமாக இருந்தால் "இஃப் யூ டோன்ட் பே" என்று எழுதுங்கள். எளிமையாகவும் இருக்கும், தவறவும் செய்யாது.

அப்புறம் நம் 'உம்'. 'ரவியும் வரவில்லை, மீனாவும் வரவில்லை' என்பதை "போத் ரவி அண்ட் மீனா டிட் நாட் கம்" என்று எழுதினால், இருவருமே வரவில்லையா, இருவரில் ஒருவர் மட்டும் வந்தாரா என்ற சந்தேகம் எழும். "நைதர் ரவி நார் மீனா கேம்" என்றால் குழப்பமே இல்லை. 'நைதர்' வந்தபின் 'டிட் நாட்' சேர்க்கக்கூடாது, அதன் ஜோடியாக 'ஆர்' வராது, 'நார்'தான் வரும். 'மேனேஜரும் இன்ஜினியர்களும் வருகிறார்கள்' என்று நாம் பன்மையில் முடிப்பதால், "தி மேனேஜர் அஸ் வெல் அஸ் தி இன்ஜினியர்ஸ்" என்று எழுதிவிட்டு 'ஆர்' என்ற பன்மை வினையைப் போடுகிறோம். 'அஸ் வெல் அஸ்' வந்தால் வினை முதலில் உள்ள பெயரைப் பார்க்கும், எனவே 'இஸ் கமிங்'. 'அண்ட்' போட்டால் மட்டுமே பன்மை.

'நாட் ஒன்லி, பட் ஆல்ஸோ' இரண்டும் ஒரே மாதிரியான இடத்தில் நிற்க வேண்டும். "ஷி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்ஸோ கன்னடா" என்பதில் ஒன்று வினைக்கு முன்னால் நிற்கிறது, மற்றது பெயருக்கு முன்னால். "ஷி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்ஸோ கன்னடா" என்றால் சரியாகிவிடும்.

'டெஸ்பைட் ஆஃப்' என்று ஒன்று கிடையாது. 'டெஸ்பைட்' தனியாக வரும், 'இன் ஸ்பைட் ஆஃப்' மூன்று தனிச் சொற்களாக வரும். இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல்தான், முழு வாக்கியம் இல்லை: "டெஸ்பைட் தி ரெயின்". 'பிகாஸ் ஆஃப்' என்பதும் அப்படியே. 'நோ ஸூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்'. பரீட்சைக்கு இது வேண்டும். மெயிலுக்கு 'அஸ் ஸூன் அஸ்' போதும், நம் 'வந்ததும்' அதுதான்.

'என்று' வரும் எல்லா இடத்திலும் 'தட்' போட்டுவிட முடியாது, 'என்று கேட்டார்' அப்படி ஒரு இடம். "ஹி ஆஸ்க்ட் தட் வேர் இஸ் தி ஃபைல்" தவறு. கேள்விச் சொல்லே அங்கே இணைப்பாக வேலை செய்கிறது: "ஹி ஆஸ்க்ட் வேர் தி ஃபைல் வாஸ்." 'டோல்ட்' போட்டால் யாரிடம் சொன்னார் என்பது உடனே வரவேண்டும். "ஹி டோல்ட் மீ தட்" அல்லது "ஹி செட் தட்".

கடைசியாக 'ஹவெவர்'. 'ஆனால்' என்ற பொருள் தருவதால் பலரும் அதை 'பட்' மாதிரி ஒரு கமா போட்டு நடுவில் செருகுகிறார்கள். இலக்கணப்படி அது இணைப்புச் சொல்லே இல்லை, வினையடை. இரண்டு வாக்கியங்களைக் கட்டும் பலம் அதற்குக் கிடையாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்துவிட்டு, 'ஹவெவர்' எழுதி, அதன்பின் ஒரு கமா போடுங்கள். 'பட்'டில் வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் பாதிப் பேர் 'ஹவெவர்' பக்கம் போகிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். 'அண்ட்'டும் 'பட்' மாதிரி ஒரு இணைப்புச் சொல்தான். 1611-இல் வெளியான ஆங்கில பைபிளில், ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் வசனங்கள் கிட்டத்தட்ட எல்லாமே 'அண்ட்' என்றுதான் தொடங்குகின்றன.