சீமாற்றுக் குச்சியும் கலர் நூலும்: கைரல் மூலக்கூறைக் கையில் பிடித்துப் படிப்பது எப்படி?

கைரல் மூலக்கூறு, அதாவது தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறு, பாடம் வந்தாலே பிள்ளைகள் ஆர், எஸ் (அந்த ஜோடியில் எது எது என்று சொல்லும் குறிகள்) என்று மனப்பாடம் பண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். பல்லடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாடத்துக்கு மட்டும், 'நோட்டை மூடி வை கண்ணு' என்றுதான் தொடங்குவேன். தாளில் வரைந்த படம் தட்டை, மூலக்கூறு தட்டை இல்லை. கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்காமல் இது பிடிபடாது.

எங்கள் பக்கம் தறி ஓடாத தெரு குறைவு, கலர் நூல் துண்டுக்குப் பஞ்சமில்லை. சீமாற்றிலிருந்து எட்டுக் குச்சி உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் அளவில் களிமண் உருண்டை இரண்டு. அதுதான் கார்பன். ஒவ்வொன்றிலும் மூன்று குச்சிகள் தரையில் ஊன்றி நிற்க, நான்காவது நேராக மேலே நிற்கட்டும். எந்த இரண்டு குச்சிக்கும் இடையில் கோணம் சுமார் 109.5 டிகிரி. மேல் நுனியில் வெள்ளை நூல், கீழே சிவப்பு, நீலம், பச்சை. முதல் மாதிரியைக் கண்ணாடி முன் வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து இரண்டாவதைக் கட்டுங்கள்.

இப்போது ஒன்றை மற்றொன்றோடு பொருத்திப் பாருங்கள். எப்படித் திருப்பினாலும் இரண்டு நிறம் பொருந்தும், மற்ற இரண்டு மாறி நிற்கும். நம் இரண்டு கைகளும் இப்படித்தான். இதுதான் கைரல், இந்த ஜோடிதான் இனான்சியோமர்கள். அப்புறம் இரண்டிலும் பச்சை நூலை அவிழ்த்து நீலம் கட்டுங்கள். உடனே இரண்டும் ஒன்றாகிவிடும். நான்கு தொகுதிகளும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்வதன் காரணம் இதுதான்.

இப்படி நான்கும் வேறாக உள்ள கார்பனைத்தான் சீர்மையற்ற கார்பன், கைரல் கார்பன் என்கிறோம். தாளில் அதைத் தேடும்போது இரட்டைப் பிணைப்புக் கார்பனையும், இரண்டு மூன்று ஹைட்ரஜன் உள்ள கார்பனையும் முதலில் அடித்துவிடுங்கள். மீதியில் தேடினால் போதும். ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் தரும் குர்குமினில் சீர்மையற்ற கார்பன் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் எண்ணெயில் உள்ள அரோமேட்டிக் டர்மரோனில் ஒன்று இருக்கிறது: ஹைட்ரஜன், மெத்தில், பென்சீன் வளையம், கீட்டோன் பக்கம் போகும் சங்கிலி என நான்கும் வேறு வேறு.

சரி, ஆர், எஸ்ஸுக்கு வருவோம். தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலத்தை மாதிரியில் ஏற்றுங்கள் (பச்சை நூலைத் திரும்பக் கட்டிவிட்டு). கார்பனோடு நேராக ஒட்டிய அணுவின் அணு எண் பெரிதானால் முன்னுரிமை. ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன் முதலில், அது சிவப்பு. ஹைட்ரஜன் கடைசி, அது வெள்ளை. மீதி இரண்டும், கார்பாக்சிலும் மெத்திலும், ஒட்டியிருப்பது கார்பனால்தான், அதனால் ஓர் அடி தள்ளிப் பாருங்கள். கார்பாக்சில் கார்பனில் ஆக்சிஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன் (இரட்டைப் பிணைப்பு இரண்டு முறை எண்ணப்படும்). மெத்திலில் மூன்றும் ஹைட்ரஜன். ஆக கார்பாக்சில் நீலம், மெத்தில் பச்சை. வெள்ளையை உங்களுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்து, சிவப்பு, நீலம், பச்சை என்று விரலை ஓட்டுங்கள். கடிகார முள் போகும் திசையானால் ஆர், எதிர்த்திசையானால் எஸ். தேர்வுப் படத்தில் ஹைட்ரஜன் நம்மைப் பார்த்து நின்றால், வந்த விடையைத் திருப்பிப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஆர் என்றால் ஒளியை வலப்பக்கம் சுழற்றும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒளியை வலப்பக்கம் சுழற்றினால் பிளஸ், இடப்பக்கம் சுழற்றினால் மைனஸ்; இது கருவியில் அளந்து தெரிவது, ஆர், எஸ் நாம் வைத்த பெயர். எஸ்-லாக்டிக் அமிலமும் பிளஸ், புளியில் உள்ள ஆர்,ஆர்-டார்டாரிக் அமிலமும் பிளஸ்.

இந்தக் குறி வெறும் மதிப்பெண்ணுக்கு இல்லை. கார்வோன் என்ற வாசனைப் பொருளின் ஆர் வடிவம் ஸ்பியர்மின்ட் (ஒரு வகைப் புதினா) வாசனை, எஸ் வடிவம் சீரகம் போன்ற கேரவே விதையின் வாசனை. மூக்கில் உள்ள புரதங்களும் கைரல் என்பதால் இரண்டையும் பிரித்தறிகின்றன. மருந்துகளிலும் இதே கதைதான்.

கடைசியாக, பிள்ளைகள் அதிகம் கோட்டை விடும் இடம். 1848இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் இரண்டு வகையாகப் பிரித்தார். அந்த அமிலத்தில் சீர்மையற்ற கார்பன் இரண்டு. இரண்டின் அடுக்கு இரண்டு, அதாவது நான்கு என்று கணக்குப் போட்டு நான்கு மாற்றியம் (வெளியமைப்பில் மட்டும் வேறான வடிவம்) எழுதிவிடுவார்கள். ஆர்,ஆர் ஒன்று, எஸ்,எஸ் ஒன்று. ஆனால் ஆர்,எஸ்ஸும் எஸ்,ஆரும் ஒரே மூலக்கூறு. இரண்டு உருண்டைகளைக் குச்சியால் இணைத்து, ஒரே நிறங்கள் நேருக்கு நேர் நிற்கும்படி கட்டிப் பாருங்கள். நடுவே ஓர் அட்டையைப் பிடித்தால் ஒரு பாதி மறுபாதியின் பிம்பமாக இருக்கும். அதுதான் மீசோ. கைரல் கார்பன் இரண்டு இருந்தும் மூலக்கூறு கைரல் இல்லை, ஒளியையும் சுழற்றாது. விடை மூன்று.