கேட்பதைப் புரியும்படி கேளுங்கள்

'நீங்க எப்பவுமே லேட்டு' என்பது பழி. அதில் கோரிக்கையே இல்லை. மதுரை கீழமாசி வீதியில் உங்களோடு கூட்டாகப் பலசரக்குக் கடை நடத்தும் அண்ணனிடம் இப்படிச் சொல்லலாம்:

'அண்ணே, இந்த வாரம் மூணு நாள் பத்தரைக்குத்தான் வந்தீங்க. ஒத்த ஆளா சரக்கு இறக்கி அலுத்துப்போச்சு. எனக்கு ஒத்தாசை வேணும். நாளைக்கு ஒன்பது மணிக்கு வர முடியுமா?'

பார்த்தது, உணர்வு, தேவை, கோரிக்கை எல்லாம் வந்துவிட்டன. பலர் சறுக்குவது தேவையில்தான், வழியையே தேவை என்று நினைத்துவிடுகிறார்கள். அண்ணன் வருவது ஒரு வழி. ஒத்தாசைதான் தேவை, அதை ஒரு லோடுமேனும் தரலாம். 'என்னை மதிக்கலைன்னு தோணுது' என்பதும் உணர்வல்ல, மாறுவேடம் போட்ட குற்றச்சாட்டு.

'பொறுப்பா இருங்க' என்றால் யாருக்கு என்ன புரியும்? நாள், நேரம், செயல் சொல்லுங்கள். 'முடியாதுப்பா' என்ற பதிலுக்குச் சுர்ரென்று கோபம் ஏறினால், நீங்கள் கேட்டது கட்டளை. என்ன தடை என்று விசாரித்து, பத்து மணிக்காவது தோதுப்படுமா என்று பேசுங்கள்.