காரின் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கான விளக்கம்

பேட்டரியைக் கழற்றி டிக்கியில் வைப்பது அரை மணி நேர வேலை. அங்கிருந்து கரண்டை இழப்பும் ஆபத்தும் இல்லாமல் எஞ்சினுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வார இறுதி முழுவதையும் தின்றுவிடும். அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் கேபிளைப் பற்றியே இருக்கும்.

மாற்றுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. எஞ்சின் சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. டர்போ, பெரிய ஏர் ஃபில்டர் போன்றவற்றுக்கு பானெட்டுக்குள் இடம் தேவைப்படுகிறது. மூன்றாவது, எடைப் பங்கீடு: 1000 கிலோ காரில் 15 கிலோ பேட்டரி முன் அச்சின் மேலிருந்து பின் அச்சின் மேல் போனால், முன்பக்கப் பங்கு சுமார் 1.5 விழுக்காடு குறையும். ஆனால் காரின் மொத்த எடை குறையாது. கேபிள், பெட்டி, தாங்கி எல்லாம் சேர்ந்து நான்கைந்து கிலோ கூடும். தொழிற்சாலையிலேயே இப்படி வரும் கார்கள் உண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையிலும் பிஎம்டபிள்யூவின் பல மாடல்களிலும் பேட்டரி டிக்கியில்தான் இருக்கிறது.

உங்கள் காரில் நெகடிவ் டெர்மினலின் மேல் சின்னப் பெட்டி போன்ற சென்சாரும் அதிலிருந்து மெல்லிய வயரும் இருந்தால், முக்கியமாக சிக்னலில் எஞ்சின் தானாக நின்று மீண்டும் ஓடும் வகை என்றால், இந்த மாற்றத்தை உங்கள் முதல் முயற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த சென்சார் பேட்டரியுடனேயே பின்னால் போக வேண்டும், அதன் வயரும் நீள வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜிங் கணக்கு தப்பிப் போகும்.

கேபிள் தடிமன்: முதலில் கணக்கு

ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது ஒரு பெட்ரோல் எஞ்சின் 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் அதைவிட அதிகம். டிக்கியிலிருந்து எஞ்சின் வரை வளைவுகளோடு சேர்த்து சுமார் 5 மீட்டர் கேபிள் ஓடும். சுத்தமான செம்புக் கேபிளில் 200 ஆம்பியர் ஓடும்போது அந்த 5 மீட்டரில் தொலையும் வோல்டேஜ் இது:

- 16 சதுர மி.மீ.: 1.08 வோல்ட்
- 25 சதுர மி.மீ.: 0.69 வோல்ட்
- 35 சதுர மி.மீ.: 0.49 வோல்ட்
- 50 சதுர மி.மீ.: 0.34 வோல்ட்
- 70 சதுர மி.மீ.: 0.25 வோல்ட்

ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் பேட்டரியே பத்தரை வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதில் மேலும் ஒரு வோல்ட் போனால் மோட்டார் முனகும், சில கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ தடுமாறும். 16, 25 இரண்டையும் மறந்துவிடுங்கள். சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கு 35 ஓடும், ஆனால் லக் (கேபிள் முனையில் மாட்டும் துளையுள்ள உலோகக் காது), ஃபியூஸ், இணைப்புகளில் போகும் இழப்புக்கு மிச்சம் இருக்காது. பெட்ரோல் கார் எதுவானாலும் 50, டீசலுக்கு 70 என்று வைத்துக்கொண்டால் பிறகு வருந்த வேண்டாம்.

வாங்கும்போது ஒரு நுனியைச் சீவிப் பார்க்கவும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம். கார் ஆடியோ கிட்களில் மலிவாக வருவது பெரும்பாலும் இதுதான். அதே தடிமனில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும், லக்குக்குள் நாளடைவில் தளர்ந்தும் போகும். நூலிழை போன்ற மெல்லிய இழைகள் கொண்ட வெல்டிங் கேபிள் நன்றாக வளையும். அதன் ரப்பர் உறைக்கு மேலே நெளிவுக் குழாய் போட வேண்டும்.

தேவையான பொருட்கள்

- 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 6 மீட்டர், சிவப்பு. எர்த்துக்கு (நெகடிவைக் காரின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) அதே தடிமனில் கருப்பு 1 மீட்டர்
- 8 மி.மீ., 10 மி.மீ. துளையுள்ள ஈயம் பூசிய செம்பு லக் 10. இரண்டு வீணாகும் என்று வைத்து வாங்கவும்
- சூடு காட்டினால் சுருங்கி இறுகும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய், நெளிவுக் குழாய் 6 மீட்டர்
- மெதுவாக உருகும் மெகா ஃபியூஸ் 250 ஆம்பியர், மூடியுள்ள ஹோல்டர்
- பல வயர்களை ஒன்றாகச் சேர்க்கும், மூடியுள்ள ஜங்ஷன் போஸ்ட் ஒன்று, பானெட்டுக்குள் வைக்க
- பக்கவாட்டில் வென்ட் (வாயு வெளியேறும்) துளையுள்ள ஏஜிஎம் பேட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய வகை), வென்ட் குழாய்
- உலோகத் தாங்கி, பிடிக்கும் சட்டம், 8 அல்லது 10 மி.மீ. போல்ட் 4, கனத்த தகட்டு வாஷர்கள்
- ரப்பர் குரோமெட் (தகட்டுத் துளையின் ஓரம் கேபிளை அறுக்காமல் காக்கும் வளையம்), உலோகக் கிளாம்ப், துருத்தடுப்பு பெயிண்ட்
- லக்கை அழுத்திப் பொருத்தும் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி (வாடகைக்குக் கிடைத்தால் போதும்), மல்டிமீட்டர்

1. இடம் தேர்வு

பின் அச்சுக்கு மேலோ, அதற்குச் சற்று முன்னோ சிறந்தது. பம்பரை ஒட்டிய கடைசி மூலை வேண்டாம். பின்னாலிருந்து இடி வாங்கினால் முதலில் நசுங்கும் இடம் அது. ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் இடவலச் சமநிலைக்கும் நல்லது.

துளை போடும் முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பின் இருக்கைக்கு அடியில்தான் இருக்கும். டேங்கோ, பிரேக் பைப்போ, பெட்ரோல் பைப்போ உள்ள இடத்துக்கு மேலே துளை போடவே கூடாது.

2. பழைய இணைப்பைக் கழற்றுதல்

ஸ்டீரியோவுக்குக் கோட் இருந்தால் முன்பே எழுதி வைத்துக்கொள்ளவும். சாவியை எடுத்துவிட்டு நெகடிவை முதலில் கழற்றவும், பாசிடிவ் அடுத்தது. ஏர்பேக் அமைப்பில் தேங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் விட்டுவிட்டு உள் வேலையைத் தொடங்கவும். வாசற்படிப் பட்டைக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட வயர்கள் தெரிந்தால் அவை ஏர்பேக்குக்கு உரியவை, கை வைக்க வேண்டாம்.

3. தாங்கியைப் பொருத்துதல்

15 கிலோ பேட்டரி ஒரு மோதலில் 20 மடங்கு விசையைச் சந்தித்தால் 300 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். தகட்டில் திருகும் ஸ்குரூ அதற்கு முன் நிற்காது, துணிப் பட்டையும் நிற்காது. நான்கு போல்ட்டுகளும் தகட்டை முழுவதும் துளைத்துக் கீழே வர வேண்டும். அடியில் 3 மி.மீ. கனமுள்ள தகட்டு வாஷர், அதன்மேல் லாக் நட்டு. துளை ஓரங்களுக்குத் துருத்தடுப்பு பெயிண்ட், அது காய்ந்த பிறகே போல்ட். சட்டத்தை இறுக்கியபின் பேட்டரியைப் பிடித்து உலுக்கினால் கார் ஆட வேண்டும், பேட்டரி ஆடக் கூடாது.

4. வாயு வெளியேற வழி

சார்ஜ் ஆகும்போது லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறிக்குப் பற்றும். டிக்கி மூடிய இடம், பல கார்களில் அது பயணிகள் பகுதியோடு சேர்ந்தே இருக்கிறது. தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரியை அங்கே திறந்து வைப்பது தவறு. அதைத்தான் வைப்பது என்றால் காற்றுப் புகாத பெட்டியும், அதிலிருந்து வெளியே போகும் குழாயும் கட்டாயம். ஏஜிஎம் வாயுவை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். ஆனால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுதாகி அதிக சார்ஜ் ஏறினால் அதன் வால்வும் திறக்கும். ஆகவே ஏஜிஎம் என்றாலும் வென்ட் குழாயைத் தரைத் துளை வழியாகக் குரோமெட் போட்டு வெளியே விடுங்கள். வாய் கீழ்நோக்கி, சைலன்சரிலிருந்து தள்ளி இருக்கட்டும். வண்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதிக சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். நிறுத்திப் பார்க்கவும்.

5. கேபிள் போகும் பாதை

உள்ளே கொண்டுபோவதே எளிது: டிக்கி, பின் இருக்கையின் ஓரம், வாசற்படிப் பட்டை, டாஷ்போர்டுக்கு அடியில், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்பகுதிக்கும் இடையிலான தடுப்புத் தகடு). ஏர்பேக், சீட் பெல்ட் வயர்கள் குறைவாக உள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவும். இருக்கைத் தண்டவாளத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கையை ஆயிரம் முறை முன்னும் பின்னும் தள்ளும்போது உறை அறுபடும்.

அடிப்பக்கமாகக் கொண்டுபோனால் சைலன்சர் குழாயிலிருந்து 15 செ.மீ. தள்ளியும், பெட்ரோல், பிரேக் பைப்புகளோடு சேர்த்துக் கட்டாமலும், 30 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் வீதமும் போகட்டும். தரையை நோக்கித் தொங்கும் வளைவு ஒன்றுகூட இருக்கக் கூடாது. எந்தப் பாதையானாலும் தகட்டைத் துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் குரோமெட் வேண்டும். ஃபயர்வாலில் ஏற்கெனவே உள்ள குரோமெட்டில் இடமிருந்தால் புதுத் துளை தேவைப்படாது.

6. லக் பொருத்துதல்

லக் குழியின் ஆழத்தைவிட 2 மி.மீ. அதிகமாக உறையைச் சீவவும், இழை ஒன்றும் வெட்டுப்படாமல். லக்கைச் செருகி, ஆறு முக டையில் இரண்டு இடத்தில் அழுத்தவும். பிறகு லக்கை வைஸில் பிடித்து, கேபிளை முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போது வந்ததே நல்லது. சுத்தியலால் அடித்து அமுக்குவது உள்ளே வெற்றிடம் விடும், அந்த இடம் சூடேறும். ஈயம் ஊற்றிப் பற்றவைத்தால் (சால்டரிங்) அது இழைகளுக்குள் ஊறிக் கேபிளை விறைப்பாக்கும், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். ஹீட் ஷ்ரிங்கை லக் மாட்டும் முன்பே கேபிளில் நுழைத்து வைக்க மறப்பது எல்லோரும் செய்யும் தவறு.

7. ஃபியூஸ், கட்-ஆஃப் சுவிட்ச்

ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளை. அதனால் பேட்டரி பாசிடிவிலிருந்து 45 செ.மீ.க்குள், முடிந்தால் அதற்கும் கிட்டே இருக்க வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையிலான துண்டைக் காப்பாற்ற எதுவும் இல்லை. 35 சதுர மி.மீ.க்கு 200 ஆம்பியர், 50க்கு 250, 70க்கு 300 என்று போடலாம். ஸ்டார்ட்டர் முதல் நொடிக்கும் குறைவான நேரத்தில் இதைவிட இரு மடங்கு இழுத்தாலும், மெதுவாக உருகும் வகை பொறுத்துக்கொள்ளும். ஆடியோவுக்கான சர்க்யூட் பிரேக்கர் பொறுக்காது.

கட்-ஆஃப் சுவிட்ச் சாலைக் காருக்குக் கட்டாயமல்ல. பந்தயத்துக்கு என்றால் வேறு. அமெரிக்காவின் என்எச்ஆர்ஏ டிராக் பந்தய விதிகள், பேட்டரியை இடம் மாற்றிய காரின் பின்புறத்தில், ஓடும் எஞ்சினையும் நிறுத்தும் சுவிட்ச் கேட்கின்றன. கேபிளை மட்டும் துண்டிக்கும் இரண்டு முனைச் சுவிட்ச் இதைச் செய்யாது. ஆல்டர்னேட்டர் தொடர்ந்து மின்சாரம் கொடுப்பதால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி திடீரென விலகியதால் எகிறும் வோல்டேஜ் ஈசியூவையும் சாப்பிடலாம். இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கும் கூடுதல் முனைகள் கொண்ட சுவிட்ச்தான் வாங்க வேண்டும்.

8. எர்த்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பாசிடிவுக்கு விரல் தடிமன் கேபிள் போட்டுவிட்டு, நெகடிவை ஏதோ ஒரு ஸ்குரூவில் மாட்டுவார்கள். போகும் கரண்ட் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும்.

பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் சட்டகத்தோடு சேர்ந்த கனத்த உலோகத்தைத் தேர்ந்தெடுக்கவும். லக் உட்காரும் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். 8 மி.மீ. போல்ட், பல் வாஷர், நட்டு, இறுக்கியபின் மேலே பெயிண்ட் அல்லது வாசலின். சீட் பெல்ட் போல்ட்டைப் பயன்படுத்த வேண்டாம், அது உயிர் காக்கும் போல்ட். முன்னால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் அதே 50 சதுர மி.மீ.க்கு மாற்றுங்கள். பழையது மெலிந்து, துருப்பிடித்து இருந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் கியர் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். அவை சூடேறிப் புகைவது அதனால்தான்.

9. முன்பக்க ஜங்ஷன்

பழைய பேட்டரி இருந்த இடத்தருகே ஜங்ஷன் போஸ்டை வைத்து, பின்னாலிருந்து வரும் கேபிள், ஸ்டார்ட்டர் வயர், ஆல்டர்னேட்டர் வயர், ஃபியூஸ் பெட்டி வயர் எல்லாவற்றையும் அதில் சேர்க்கவும் (பின்னாலிருந்து வரும் கேபிளை மட்டும் அடுத்த படியின் முதல் சோதனைக்குப் பிறகு). கனமான லக் அடியில், மெல்லியவை மேலே. மூடி கட்டாயம், கை நழுவிய ஸ்பேனர் ஒன்று விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிவிடும். இதே போஸ்ட் பின்னாளில் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் உதவும். மின் பூட்டு கொண்ட டிக்கி, பேட்டரி செத்துவிட்டால் திறக்காது. உள்ளே இருக்கும் பேட்டரியைத் தொடவும் முடியாது.

10. கடைசி இணைப்பும் சோதனையும்

புதுக் கேபிளை எதனோடும் இணைக்கும் முன் அதற்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பார்க்கவும். தொடர்பே இல்லை என்று (OL) காட்ட வேண்டும், எந்த எண்ணும் வரக் கூடாது. எண் வந்தால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது.

முன்பக்க நட்டுகள், அடுத்து பாசிடிவ், பிறகு ஃபியூஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில் நெகடிவ். நெகடிவை நேராக மாட்டாமல் இடையில் ஒரு 21 வாட் பல்ப் வைத்துத் தொடுங்கள். சாவி போடாமல், கதவுகள் மூடிய நிலையில் பல்ப் ஒரு கணம் மின்னி அடங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட்.

பிறகு எஞ்சின் பற்றாதபடி பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஒருவர் 5 நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிடிவ் ஈயத் தூணில், மறுமுனை ஸ்டார்ட்டர் போல்ட்டில். 0.5 வோல்ட்டுக்குள் வர வேண்டும். அடுத்து நெகடிவ் தூணுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே: 0.3க்குள். மிஞ்சினால் ஒவ்வொரு இணைப்பின் இருபுறமும் தனித்தனியாக அளந்துகொண்டே போங்கள். எண் எங்கே குதிக்கிறதோ அங்கே பெயிண்ட் மிச்சமிருக்கும், அல்லது லக் தளர்ந்திருக்கும்.

ஃபியூஸைத் திரும்பப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டபடி டிக்கியில் பேட்டரியை அளக்கவும். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும். ஆல்டர்னேட்டரில் அளப்பதற்கும் இதற்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரி முழுதாக நிரம்பாது.

முதல் வாரம் கழித்து எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவும். புதுச் செம்பு லக் சற்று அமுங்கித் தளரும். பேட்டரி தூணில் மட்டும் பலம் காட்ட வேண்டாம், ஈயம் மென்மையானது. முன் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் "பேட்டரி டிக்கியில்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். விபத்து நடந்தால் மீட்க வருபவர்கள் முதலில் பானெட்டைத் திறந்துதான் பேட்டரியைத் தேடுவார்கள்.