கப்பைக் கிராமாக மாற்றும்போது எங்கே சறுக்குகிறது?

‘ஒரு கப் எத்தனை கிராம்?’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். கப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதிலே கிடையாது. 240 மில்லி கப்பில் தண்ணீர் என்றால் 240 கிராம். அதே கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம், மைதா 120 முதல் 125 கிராம், தேன் 340 கிராம். சர்க்கரைக்கான 200-ஐ மனதில் வைத்துக்கொண்டு மைதாவையும் 200 கிராம் கொட்டிவிட்டு, கேக் கல்லாகிவிட்டது என்று ஓவனைத் திட்டுவது நியாயமில்லை.

மைதாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும். கரண்டியால் தளரப் போட்டு, மேலே கத்தியால் வழித்தால்தான் அந்த 120. மூன்று கப் கேட்கும் கேக்கில் இந்த வித்தியாசம் மட்டுமே 90 கிராம். குறிப்பில் ‘சலித்த மைதா 1 கப்’ என்றிருந்தால் சலித்த பிறகு அளக்க வேண்டும். ‘மைதா 1 கப், சலிக்கவும்’ என்றால் அளந்த பிறகு சலிப்பு. தேங்காய்த் துருவலுக்கும் இதே கதிதான்: அமுக்கி வைத்த கப் வேறு, உதிரியாக வைத்த கப் வேறு.

அடுத்தது, யாருடைய கப்? அமெரிக்கக் குறிப்பில் கப் என்றால் ஏறக்குறைய 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அதை வைத்து கேக் மாவு அளந்தால் கால் பங்கு காணாமல் போகும். டேபிள்ஸ்பூனும் ஆஸ்திரேலியாவில் 20 மில்லி, மற்ற இடங்களில் 15.

சரி, நம் வீட்டுச் சமையலுக்கு வருவோம். இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து என்பது விகிதம். எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும், இரண்டையும் அதே பாத்திரத்தால் அளந்தால் போதும். அரிசியும் உளுந்தும் ஒரே அளவுக்கு ஏறக்குறைய ஒரே எடை இருப்பதால், அதே விகிதத்தை எடையில் வைத்தாலும் மாவு கெடாது. ஆனால் எல்லா விகிதத்தையும் அப்படித் தூக்கித் தராசில் வைக்க முடியாது. ரவை உப்புமாவைப் பாருங்கள். ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணீர் என்றால், 240 மில்லி கப்பில் ரவை சுமார் 170 கிராம், தண்ணீர் 600 கிராம். அதாவது எடையில் ஒன்றுக்கு மூன்றரை. இதை மறந்து 170 கிராம் ரவைக்கு 425 கிராம் தண்ணீர் ஊற்றினால் ரவை பாதி வெந்தும் வேகாமலும் நிற்கும். விகிதத்தில் சொன்ன குறிப்பை மாற்றாமல் விடுவதே பல நேரம் நல்லது.

உப்பைக் கவனிக்க வேண்டும். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல் உப்பு பரல்களுக்கு நடுவே இடைவெளி விடுவதால், அதே ஸ்பூனில் குறைவாகவே நிற்கும். ஊறுகாய் போடும்போது ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்றால், ஸ்பூனை விட்டுவிட்டுத் தராசை எடுங்கள். ஈஸ்ட், பேக்கிங் சோடா போன்றவற்றுக்கு நேர் எதிர்: ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத வீட்டுத் தராசில் 2 கிராமும் 3 கிராமும் நம்பகமாக நிற்காது. அங்கே ஸ்பூன்தான் மேல்.

கடைசியாக, டிஜிட்டல் தராசில் இருக்கும் ‘மில்லி’ பொத்தான். அது வெறும் எடையைத்தான் பார்க்கிறது. தட்டில் இருப்பது தண்ணீர் அல்லது பால் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று போட்டிருக்கும். அந்தப் பொத்தானை நம்பி 250 மில்லி எண்ணெய் ஊற்றினால் உண்மையில் விழுவது 270-ஐத் தாண்டும்.