ஐடிலிங் ஏறி ஏறி இறங்குதா? ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

பழைய வண்டி வச்சிருக்க யாரா இருந்தாலும் ஒருநாள் இந்த ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடுறது) கோளாறுல மாட்டுவாங்க. சிக்னல்ல நிக்கும்போது ஸ்டீயரிங் கையில நடுங்கும், இல்லன்னா ஆக்சிலேட்டர்ல காலே வைக்காம இன்ஜின் தானா ஏறும், படுக்கும், திரும்ப ஏறும். உடனே எல்லாரும் பண்றது ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ரேஸை (இன்ஜின் சுத்துற வேகத்தை) கூட்டி வைக்கிறதுதான். தயவுசெஞ்சு அதை முதல்ல பண்ணாதீங்க. கோளாறு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் மறைஞ்சுடும், அடுத்து பாக்குறவருக்கு ஒரிஜினல் செட்டிங் எதுன்னே தெரியாமப் போயிடும்.

முதல்ல உங்க வண்டிக்கு என்ன பிரச்சனைன்னு பிரிச்சுக்கங்க, ஏன்னா ரெண்டும் வேற வேற. ஒண்ணு மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்கா எரியல, அதனால இன்ஜின் நொண்டுது, சைலன்சர் வாயில கையைக் கொஞ்சம் தள்ளி வச்சா புகை சீரா வராம விட்டு விட்டு அடிக்கும். இன்னொண்ணு ஹன்டிங், சிலிண்டர் எல்லாம் நல்லாத்தான் எரியுது ஆனா ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு கணக்கு) 800-க்கும் 1500-க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது. இந்த ரெண்டாவது ஏன் வருதுன்னா, எங்கயோ கணக்குல வராத காத்து உள்ள போய் ரேஸ் ஏறிடுது, கால் பெடல்ல இல்ல ஆனா ரேஸ் அதிகமா இருக்கேன்னு பாக்குற இசியு (இன்ஜினைக் கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்), வண்டி கியர்ல உருண்டுகிட்டு இருக்குன்னு நினைச்சு பெட்ரோலை நிறுத்திடும், ரேஸ் விழும், ஆஃப் ஆயிடப்போகுதுன்னு திரும்ப பெட்ரோல் விடும், திரும்ப ஏறும். இது புரிஞ்சாலே பிளக், காயில், சென்சார்னு கண்டதையும் வாங்கி மாட்ட மாட்டீங்க.

அப்புறம் எப்போ வருதுன்னு ரெண்டு நாள் கவனிச்சு எழுதி வைங்க: காலையில கோல்ட் ஸ்டார்ட்லயா, சூடானப்புறமா, ஏசி போட்டாலா, பிரேக் மிதிச்சாலா. நிறைய பேர் இதைச் செய்யுறதே இல்ல, ஆனா பாதி பதில் இதுலயே இருக்கு.

இப்போ ஏர் லீக், அதாவது அந்தக் கணக்குல வராத காத்து உள்ள போற வழி. என் அனுபவத்துல பழைய வண்டில முதல் சந்தேகம் எப்பவும் இது மேலதான், ஏன்னா ரப்பர் ஹோஸ் சூட்டுல காய்ஞ்சு இறுகி வெடிச்சுடும், அதுவும் வெளிய தெரியாம வளைவுக்கு அடிப்பக்கம் வெடிக்கும். என் வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்ல பிளக், பிளக் ஒயர், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் மாத்தியும் சரியாகல, கடைசில நானே ஒவ்வொரு ஹோஸா விரலால தடவிப் பாத்தப்போ பிரேக் பூஸ்டருக்கு (பிரேக்கை லேசா மிதிக்க உதவுற வேக்கம் டப்பா) போற ஹோஸ்ல, கிளாம்புக்குக் கீழ, நகம் போற அளவுக்கு ஒரு விரிசல். செலவான பணத்தை விட, பிரேக் சம்பந்தப்பட்ட ஹோஸ் அப்படி இருந்ததை யாரும் பாக்கலியேங்கறதுதான் இன்னிக்கும் மனசை உறுத்துது. அதனால இன்ஜின் ஐடில்ல ஓடும்போது வேக்கம் ஹோஸ் (இன்டேக்ல இருந்து பிரியுற ரப்பர் குழாய்) ஒவ்வொண்ணா கையால நெரிச்சுப் பாருங்க. எதை நெரிச்சா ஆட்டம் நிக்குதோ அந்த லைன்லதான் லீக். (பிசிவி ஹோஸை, அதாவது இன்ஜின் உள்ள சேர்ற புகையைத் திரும்ப இன்டேக்குக்கு விடுற குழாயை, நெரிச்சா ரேஸ் லேசா இறங்குறது சாதாரணம்தான், அதைப் பாத்து பயப்பட வேண்டாம்.) பிரேக் பெடலை மிதிச்சுப் பிடிச்சா ஐடில் மாறி நொண்ட ஆரம்பிச்சா பூஸ்டர் டயஃப்ரமே போயிருக்கலாம், அப்போ வண்டியை அதுக்கு மேல ஓட்டாம உடனே பாத்துடுங்க. இன்டேக் மேனிஃபோல்ட் (காத்தைச் சிலிண்டருக்குப் பிரிச்சு விடுற குழாய்) பேக்கிங், த்ராட்டில் பாடி (உள்ள போற காத்தோட அளவைத் திறந்து மூடுற பகுதி) பேக்கிங் ஓரத்துல எல்லாம் ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி பீச்சிப் பாக்கலாம், லீக் இருந்தா தண்ணியை உள்ள இழுக்கும், ஒரு நொடி சத்தம் மாறும். கார்ப் கிளீனர் அடிச்சுப் பாக்குறவங்க இருக்காங்க, சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிக்கும், நான் சொல்ல மாட்டேன். ஸ்மோக் டெஸ்ட் (இன்டேக்ல புகை விட்டு எங்க கசியுதுன்னு பாக்குறது) பண்ற வசதி கிடைச்சா அதை விட நல்லது எதுவும் இல்ல.

ஸ்கேனர் மாட்டுற போர்ட் இருந்தா ஃப்யூவல் ட்ரிம் (இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற கணக்கு) பாருங்க. ஐடில்ல +20% மாதிரி காட்டி, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா பூஜ்ஜியம் பக்கம் வந்துடுச்சுன்னா அது ஏர் லீக்தான். மாறா ரேஸ் கூட்டக் கூட்ட ட்ரிம்மும் ஏறுதுன்னா பெட்ரோல் பத்தல, ஃபில்டர், பம்ப் பக்கம் போங்க, இல்லன்னா மாஃப் சென்சார் (உள்ள போற காத்தை அளக்குறது) அழுக்கா இருக்கும். ஆனா ஒண்ணு, மாஃப் இல்லாம மேப் சென்சார்ல (இன்டேக் அழுத்தத்தை அளக்குறது) ஓடுற வண்டில லீக் இருந்தா ட்ரிம் பெருசா மாறாது, ஐடில் மட்டும் தூக்கி நிக்கும்.

லீக் இல்லன்னா அடுத்து த்ராட்டில் பாடியும் ஐடில் கன்ட்ரோல் வால்வும் (ஐடில்ல காத்தைக் கூட்டிக் குறைக்குறது). கரி படிஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்கும். த்ராட்டில் கிளீனர் போட்டு துணியால துடைங்க, வால்வோட ஊசியைக் கையால பிடிச்சு இழுக்காதீங்க, உள்ள இருக்க கியர் போயிடும். கிளீன் பண்ணதும் கொஞ்ச நாள் ஐடில் முன்னை விட தூக்கலா இருந்தா பதறாதீங்க, சில வண்டிக்கு ரீலேர்ன் (இசியு ஐடிலைத் திரும்பக் கத்துக்க வைக்கிறது) பண்ணணும். அப்படியே கூலன்ட் லெவலும் பாருங்க. கூலன்ட்டுக்கும் ஐடிலுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும், பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி சிலதுல கூலன்ட் சூட்டை வச்சு மூடுற ஒரு மெழுகு வால்வ் இருக்கும், கூலன்ட் குறைஞ்சு ஏர் புகுந்தா அது பாதி திறந்தே நின்னு ஹன்டிங் வரும்.

மிஸ்ஸிங்னா வழி வேற. ஐடில்ல ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா கழட்டி மாட்டுங்க, எதைக் கழட்டியும் ரேஸ் விழலையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யல. ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கி டெஸ்ட் பண்ணாதீங்க, ஷாக்கும் அடிக்கும், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். அந்த சிலிண்டர் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் பாருங்க, மிஸ்ஸிங் கூடவே போனா பிளக், போகலன்னா ஒயர், காயில், இன்ஜெக்டர். எல்லாம் நல்லா இருந்தும் நொண்டுதுன்னா கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் உள்ள அழுத்தத்தை அளக்குறது) எடுத்துடுங்க, ஒரு சிலிண்டர் மட்டும் மத்ததை விட ரொம்ப கம்மியா இருந்தா அதுல கொஞ்சூண்டு ஆயில் விட்டு மறுபடி எடுங்க, ஏறினா பிஸ்டன் ரிங், ஏறலன்னா வால்வாவோ ஹெட் கேஸ்கெட்டாவோ இருக்கும். ஐடில்ல மட்டும் நொண்டி ஓட்டும்போது நல்லா இருக்குன்னா இஜிஆர் வால்வ் (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது) திறந்தபடி மாட்டிக்கிட்டதான்னும் பாருங்க.

கார்பரேட்டர் வண்டிக்கு ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. சூடான இன்ஜின்ல சோக்கை லேசா இழுங்க. ஐடில் சீராச்சுன்னா மிக்ஸ்சர் லீன் (பெட்ரோல் கம்மி), ஏர் லீக்கா இருக்கலாம், பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடுற சின்ன துளை) அடைப்பாவும் இருக்கலாம். இன்னும் மோசமாச்சுன்னா ரிச் (பெட்ரோல் அதிகம்), கார்பரேட்டர்ல பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்துற ஃப்ளோட் லெவலையும் நீடில் வால்வையும் பாருங்க. மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்கு முன்னாடி மெதுவா உள்ள மூடி எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதிக்கங்க, இறுக்கினா நுனி நசுங்கிடும்.

இன்ஜின் சத்தம் வெண்ணெய் மாதிரி இருக்கு, ஆனா பாடி மட்டும் நடுங்குதுன்னா இன்ஜின் மவுன்ட் ரப்பர் போச்சு, அவ்வளவுதான்.

இதெல்லாம் திறந்த இடத்துல வச்சு பண்ணுங்க, மூடின ஷெட்ல எக்ஸாஸ்ட் புகை ஆளையே கொல்லும். தொங்குற துணி, செயின் எதுவும் வேண்டாம், எலெக்ட்ரிக் ஃபேன் சொல்லாமக் கொள்ளாம சுத்த ஆரம்பிக்கும்.

கோளாறு கிடைச்சு சரி பண்ணியாச்சுன்னா, இப்போ ஐடில் ஸ்க்ரூவைத் தொடலாம். அதுவும் இன்ஜின் நல்லா சூடாகி ஃபேன் ஒரு தடவை ஓடி நின்னப்புறம், ஏசி, லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, பானட் உள்ள ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ போட்டிருக்க ஆர்பிஎம்முக்கு வைங்க, பெரும்பாலும் 700-ல இருந்து 900-க்குள்ள இருக்கும்.