ஓபியாய்டு மருந்து வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது எப்படி: மசாசூசெட்ஸ் நோயாளிகளுக்கான செய்முறை விளக்கம்

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியாமல் படுத்திருக்கும் ஒருவரால், தமக்குச் செலுத்தப்படும் வலிநிவாரணி எதுவென்று கேட்கவும் இயலாது. வேண்டாமென்று மறுக்கவும் இயலாது. அந்த நிலை வருவதற்கு முன்பே, நிதானமாக யோசித்து, "எனக்கு ஓபியாய்டு வகை மருந்தை, அதாவது மார்ஃபினைப் போலச் செயல்பட்டுப் போதைப் பழக்கத்தை உண்டாக்கக்கூடிய வலிநிவாரணியை, கொடுக்கவோ எழுதித் தரவோ வேண்டாம்" என்று எழுத்தில் பதிவு செய்யும் வழியை அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்படுத்தியது. ஆளுநர் சார்லி பேக்கர் அவ்வாண்டு மார்ச் 14 அன்று கையெழுத்திட்ட அந்தச் சட்டம், முதன்முறையாக ஓபியாய்டு எழுதப்படும் வயதுவந்தோருக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஏழு நாளுக்கு மேற்பட்ட அளவை எழுதக் கூடாது என்ற வரம்பையும் விதித்தது. தெளிந்த மனமுள்ள ஒருவர் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம் என்பது அதற்கு முன்பே இருந்த உரிமைதான். அந்த மறுப்பை முன்கூட்டியே எழுதி, மருத்துவரைக் கட்டுப்படுத்தும் ஆவணமாக்கியதுதான் இச்சட்டம் புதிதாகச் செய்தது.

போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களுக்கு மட்டுமே உரியது இது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எவரும் இந்தப் படிவத்தைக் கொடுக்கலாம். கனெக்டிகட், பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களும் பின்னர் இதே போன்ற சட்டங்களை இயற்றின. ஆனால் படிவமும் விதிவிலக்குகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கீழே உள்ள படிகள் மசாசூசெட்ஸை வைத்தே எழுதப்பட்டவை. பிற மாநிலத்தவர் தத்தம் மாநிலச் சுகாதாரத் துறையின் படிவத்தையே பயன்படுத்த வேண்டும்.

முதற்படி: எதை மறுக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்

ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், மார்ஃபின், ஃபென்டனில், கோடீன், டிரமடால் ஆகியவை அடிக்கடி எதிர்ப்படும் ஓபியாய்டுகள். பெர்கோசெட், விகோடின் போன்ற வணிகப் பெயர்களுக்குள்ளும் இவை இருக்கின்றன. சில இருமல் மருந்துகளில் கோடீன் உண்டு என்பதைப் பலர் அறியாமலே வாங்குகிறார்கள். நலோக்சோன் இந்தப் பட்டியலில் சேராது. அது ஓபியாய்டின் விளைவை முறித்து உயிரைக் காக்கும் மருந்து. உங்கள் மறுப்பு அதைத் தடுப்பதாக எவரும் எண்ண இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டாம் படி: இப்போது உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லுங்கள்

இங்கே தவறினால் படிவமே தீங்காக முடியும். நீண்ட நாளாக ஓபியாய்டு உட்கொள்பவர், படிவத்தில் கையெழுத்திட்ட அன்றே அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவரின் மேற்பார்வையில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். போதை நோய்க்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோன், பூப்ரநார்ஃபின் ஆகியவையும் மருந்தியல் கணக்கில் ஓபியாய்டுகளே. அவை பலருடைய உயிரைக் காத்துவருகின்றன என்பதால், அவற்றை எடுத்துக்கொள்பவர்கள் படிவத்தில் கையெழுத்திடும் முன் அந்தச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கண்டு, மறுப்பு அந்தச் சிகிச்சையைத் தொடாது என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் ஊசியைப் போட்டுக்கொள்பவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அவர்களுக்கு ஓபியாய்டு வழக்கம் போல் வேலை செய்யாது என்பதை மயக்கவியல் மருத்துவர் முன்பே அறிந்திருப்பது அவசியம்.

மூன்றாம் படி: வலிக்கு மாற்றுத் திட்டம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்

"இது வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர், வலி கடுமையாகும் இரவில் தாமே தம் முடிவைக் கைவிட நேரலாம். மறுப்போடு மாற்று வழியும் சேர்ந்திருந்தால்தான் அந்த முடிவு நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. அசெட்டமினோஃபென், அதாவது நம் ஊர்களில் பாரசிட்டமால் என்று வழங்குவது, ஐபுப்ரோஃபென், கீட்டோரோலாக், குறிப்பிட்ட நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தும் முறை, லிடோகெய்ன் ஒட்டுப் பட்டை, இயன்முறை சிகிச்சை ஆகியவற்றில் உங்களுக்குப் பொருந்துவது எது என்று கேளுங்கள். பல் பிடுங்கிய பின் வரும் வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே பரிந்துரைக்கிறது. ஓபியாய்டு அல்லாத புதிய வகை வலிநிவாரணியான சுசெட்ரிஜினுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

இவற்றுக்கும் எல்லைகள் உண்டு. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஐபுப்ரோஃபென் ஆபத்தாகலாம். கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கு அசெட்டமினோஃபெனின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். திட்டமிட்ட அறுவை சிகிச்சையாக இருந்தால் மயக்கவியல் மருத்துவரைத் தனியே சந்திக்கக் கேளுங்கள். ஏனெனில் அறுவை சிகிச்சையின்போது ஃபென்டனில் செலுத்துவது வெகு சாதாரணமான நடைமுறை. அதையும் மறுக்கிறீர்களா, அல்லது அறுவை அறைக்குள் மட்டும் அனுமதித்து, பின்னர் எழுதித் தரப்படும் மாத்திரைகளை மறுக்கிறீர்களா என்பதை அவரிடம் பேசித் தீர்மானித்து, அது உங்கள் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

நான்காம் படி: படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுங்கள்

மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. ஓபியாய்டு எழுதும் அதிகாரம் பெற்ற மருத்துவர் போன்ற ஒருவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். வழக்கமாகச் செல்லும் குடும்ப மருத்துவரிடம் இதற்கென்றே நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. மகன் மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக இல்லையென்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நேரம் வாங்கும்போதே சொல்லுங்கள். அமெரிக்க மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் இந்த உதவியைக் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவை. பிள்ளைகள் மொழிபெயர்த்தால் தர்மசங்கடமான சில கேள்விகளுக்குப் பெரியவர்கள் உண்மையான பதிலைச் சொல்ல மாட்டார்கள்.

ஐந்தாம் படி: படிவம் போய்ச் சேர வேண்டிய இடமெல்லாம் சேர்த்துவிடுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக உழைப்பைக் கேட்பது இதுதான். பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜெஸி கிரப் என்ற இளம்பெண் ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டு மிச்சிகனில் வாழ்ந்துவந்தார். 2016-இல் ஓட்டப் பயிற்சியில் ஏற்பட்ட காயத்துக்காக இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. தாம் போதை நோயிலிருந்து மீண்டவர் என்பதை அவரும் அவருடைய பெற்றோரும் மருத்துவமனையில் தெரிவித்திருந்தார்கள். ஆயினும் அவரை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. 50 ஆக்ஸிகோடோன் மாத்திரைகள் எழுதித் தரப்பட்டன. வீடு திரும்பிய இரவே அவர் உயிர் பிரிந்தது. வயது 30. நோயாளியின் சம்மதத்தோடு போதை நோய் வரலாற்றை மருத்துவக் குறிப்பில் கண்ணில் படும்படி காட்டுவதற்கான நெறிமுறைகளை வகுக்கச் சொல்லும் ஜெஸி சட்டம், 2018 அக்டோபரில் ஒரு பெரிய மத்தியச் சட்டத்தின் பகுதியாக நிறைவேறியது. அவர் சொல்லாமல் இருக்கவில்லை. சொன்னது ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகவில்லை. உங்கள் படிவமும் ஒரே ஒரு மருத்துவரின் கோப்புக்குள் கிடந்தால் அதே கதிதான்.

ஆகவே, மின்னணு மருத்துவக் குறிப்பில், ஒவ்வாமைகள் எழுதப்படும் பகுதியைப் போல எவரும் முதலில் பார்க்கும் இடத்தில் இதைக் குறிக்கச் சொல்லுங்கள்; குறித்துவிட்டார்களா என்று நோயாளிகளுக்கான இணையக் கணக்கில் நீங்களே பாருங்கள். அறுவை சிகிச்சை மருத்துவர், பல் மருத்துவர், சிறப்பு மருத்துவர்கள், வழக்கமாக மருந்து வாங்கும் பார்மசி ஆகியோருக்குத் தனித்தனி நகல் கொடுங்கள். பணப்பையில் ஒரு சிறு அட்டையும், கைபேசியின் அவசர மருத்துவத் தகவல் பகுதியில் ஒரு வரியும் இருக்கட்டும்.

ஆறாம் படி: உங்களுக்காகப் பேசும் ஒருவரை நியமியுங்கள்

நீங்கள் முடிவெடுக்க இயலாதபோது உங்களுக்காகச் சிகிச்சை முடிவெடுப்பவரே சுகாதாரப் பிரதிநிதி. மசாசூசெட்ஸில் அவரை நியமிக்கும் ஆவணத்தில் வயதுவந்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்; பிரதிநிதியாக நியமிக்கப்படுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. ஓபியாய்டு மறுப்பை மீறி முடிவெடுக்கும் அதிகாரத்தையும் பிரதிநிதிக்கு அளிக்கச் சட்டத்தில் வழியுண்டு. ஆதலால், எந்தச் சூழ்நிலையில் மீறலாம், எதில் மீறவே கூடாது என்பதை அவரோடு வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும். "அம்மா வலியில் துடிக்கிறாரே" என்று மருத்துவமனை வராந்தாவில் நின்று தவிக்கும் பிள்ளைக்கு, அம்மா முன்பே சொல்லிவைத்த சொல் பெரிய ஆதரவு.

ஏழாம் படி: மருத்துவமனையில் விழிப்பாக இருங்கள்

அனுமதிக்கும்போது முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பது, 1990-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின்படி மருத்துவமனையின் கடமை. அந்த நேரத்தில் படிவத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். பணிமாற்றம் நடக்கும்போதெல்லாம் புதிதாக வரும் செவிலியரிடம் நினைவூட்டுங்கள். வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டிலுள்ள ஒவ்வொரு பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வெளியேறாதீர்கள்.

இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. அவசர ஊர்திப் பணியாளர்களுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. வெளியிலுள்ள பார்மசியில் காட்டப்படும் மருந்துச் சீட்டு செல்லத்தக்கது என்றே கொள்ளப்படும். தெரிந்தே மறுப்பை மீறினாலொழிய மருந்தாளுநர் பொறுப்பாக மாட்டார். ஆகையால் தவறுதலாக எழுதப்பட்ட சீட்டை நீங்களோ குடும்பத்தினரோதான் அங்கே தடுக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு செயல்பட்டு அறியாமல் மீறிய மருத்துவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அலட்சியத்தால் மீறியவர்மீது உரிமம் வழங்கும் வாரியம் நடவடிக்கை எடுக்கலாம்; மருத்துவராயின் மாநில மருத்துவப் பதிவு வாரியத்திடம் முறையிடலாம்.

எட்டாம் படி: மனம் மாறினால்

எந்தக் காரணத்துக்காகவும், எழுத்திலோ வாய்மொழியாகவோ மறுப்பைத் திரும்பப் பெறலாம். பெரிய விபத்து, புற்றுநோய் வலி, இறுதிக்கால நோய் ஆகியவற்றில் ஓபியாய்டு தேவைப்படலாம். அப்போது அதை ஏற்பதில் இழிவு ஏதுமில்லை. முழுவதும் ஏற்க மனமில்லாவிட்டால், எழுதப்பட்ட அளவில் ஒரு பகுதியை மட்டும் கொடுக்கும்படி மருந்தாளுநரிடம் கேட்கலாம். தேவைப்பட்டால் எஞ்சியதைச் சீட்டு எழுதிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பெற்றுக்கொள்ள 2016-இன் மத்தியச் சட்டம் இடமளிக்கிறது. மறுப்பைத் திரும்பப் பெற்றால், நகல் கொடுத்த எல்லா இடங்களுக்கும் அதைத் தெரிவித்து, பணப்பையிலுள்ள அட்டையையும் கைபேசியிலுள்ள வரியையும் நீக்கிவிடுங்கள்.