வெல்ஹெட் வேலைக்குப் போற நம்ம ஊரு பயக்களுக்கு: ரிங்கு, வால்வு, சோக்கு, டெஸ்டிங்

கோணம் பாலிடெக்னிக்லயோ ஐடிஐயிலயோ முடிச்சிட்டு, கல்ஃப் விசா கையில வந்து, திருவனந்தபுரத்துல பிளைட் ஏறுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி "அண்ணே வெல்ஹெட்டுல என்ன வேலை பாக்கணும்"னு மெசேஜ் போடுற பயக்க நிறைய உண்டு. மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, குளச்சல்னு எல்லா பக்கமும் இருந்து கேக்காங்க, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டுது, அதான் ஒரேயடியா எழுதிப் போட்டிருதேன். நம்ம கடல்லயே எண்ணெய்க் கிணறு தோண்டப் போறாங்கன்னு கடற்கரை ஊர்க்காரங்க எதிர்த்து நிக்காங்க, அது வேற கதை, அதுல நான் மீன்காரங்க பக்கம்தான். இங்க சொல்லப்போறது வெல்ஹெட்டுல, அதாவது எண்ணெய், கேஸ் கிணத்து வாயில மாட்டியிருக்க சாமான்ல, கையில ஸ்பேனர் பிடிக்க வேலைய மட்டும்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சிக்கோ. லீக் ஆகுமா ஆகாதான்னு முக்காவாசி முடிவாவது நீ ஸ்பேனர் எடுக்கதுக்கு முன்னாடியே. தடியன் மாதிரி முறுக்கி லீக்கை நிப்பாட்டிரலாம்னு நினைக்கவன் இந்த வேலைக்கு லாயக்கில்ல, கேட்டியா.

கிணத்துக்கு மேல நிக்க அந்த வால்வு அடுக்குக்குப் பேரு கிறிஸ்துமஸ் ட்ரீ. கீழ கேசிங் ஹெட் (கிணத்தோட வெளிக்குழாயைப் பிடிக்கது), அதுக்கு மேல டியூபிங் ஸ்பூல், அதுக்குள்ள டியூபிங் ஹேங்கர் (எண்ணெய் ஏறி வாற உள்குழாயைத் தாங்குறது) தொங்கும், அதுக்கு மேல லோயர் மாஸ்டர் வால்வு, அப்பர் மாஸ்டர் வால்வு, பக்கவாட்டுல விங் வால்வு, உச்சியில ஸ்வாப் வால்வு, ட்ரீ கேப். விங்குக்கு அப்புறம் ஃபுளோவைக் கட்டுப்படுத்துற சோக்கு, அங்க இருந்து லைன் போகும். இதெல்லாம் ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) போட்ட 6ஏங்கிற ஸ்பெசிஃபிகேஷன்ல வரும், பிரஷர் ரேட்டிங் 2000, 3000, 5000, 10000, 15000, 20000 பிஎஸ்ஐ (ஒரு சதுர இஞ்சுக்கு எத்தனை பவுண்டுங்கிற கணக்கு). சைட்ல யாரும் ஐயாயிரம்னு முழுசா சொல்ல மாட்டான், 5கே, 10கேன்னுதான் சொல்லுவான்.

5கேன்னா சும்மா நம்பர்தானேன்னு தோணும். 4 1/16 இஞ்ச் ஓட்டையோட பரப்பு கிட்டத்தட்ட 13 சதுர இஞ்ச், அதுல 5000 பிஎஸ்ஐ தள்ளுச்சின்னா 65000 பவுண்டு, அதாவது 29 டன்னுக்கு மேல. ரெண்டு ஃபிளேஞ்சுக்கு (ஸ்டட் போட்டு இணைக்க முனைத் தட்டு) நடுவுல சீலுக்குப் போடுற மெட்டல் ரிங்கு உக்காந்திருக்க விட்டத்தை வச்சு கணக்குப் போட்டா அதவிடக் கூடும். அவ்வளவையும் எட்டு ஸ்டட் (ரெண்டு முனையிலயும் நட்டு போடுற போல்ட்டு) பிடிச்சிட்டு நிக்கு. இத ஒருதரம் கணக்குப் போட்டுப் பாத்தவன் பிரஷர்ல நிக்க ஃபிளேஞ்சுக்கு நேர முகத்தைக் காட்டிட்டு நிக்க மாட்டான்.

இனி ரிங்கு. வேலைக்கு ஆளெடுக்க வைக்க டிரேட் டெஸ்ட்லயும் இதத்தான் முதல்ல கேப்பான். ஆர், ஆர்எக்ஸ், பிஎக்ஸ்னு மூணு டைப். ஆரும் ஆர்எக்ஸும் ஒரே குரூவ்ல (ஃபிளேஞ்சு முகத்துல உள்ள பள்ளம்) உக்காரும், 6பிங்கிற டைப் ஃபிளேஞ்சுல வரும், 5கே வரைக்கும். பிஎக்ஸ் வேற குரூவ், 6பிஎக்ஸ் ஃபிளேஞ்சுக்கு உள்ளது, 10கேயும் அதுக்கு மேலயும் எல்லாம் பிஎக்ஸ்தான், பெரிய சைஸ்ல 5கேயிலயும் வரும். ஒண்ணை எடுத்து இன்னொண்ணுல போடப்பிடாது, போட்டா உக்காந்த மாதிரி இருக்கும், சீல் ஆகாது. 4 1/16 5கேக்கு ஆர்-39, அதே 4 1/16 10கேக்கு பிஎக்ஸ்-155. 2 1/16 5கேக்கு ஆர்-24, 10கேக்கு பிஎக்ஸ்-152. இந்த நாலையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போ, மத்தது டேபிள் பாத்துக்கலாம். ரிங்கோட வெளி விளிம்புலயே நம்பரும் மெட்டீரியலும் பஞ்ச் அடிச்சிருக்கும், எஸ்316னு இருந்தா 316 ஸ்டெயின்லெஸ், டி (D) மட்டும் இருந்தா சாஃப்ட் அயர்ன், எஸ் (S) மட்டும் இருந்தா லோ கார்பன் ஸ்டீல். ஸ்டோர்க்காரன் கையில தந்ததை அப்படியே கொண்டு போகாம பஞ்சை வாசிச்சுப் பாரு. ரிங்கு குரூவை விட சாஃப்டான மெட்டலா இருக்கணும், அப்பதான் ரிங்கு நசுங்கும் குரூவ் தப்பிக்கும். ரிங்கு விலை கொஞ்சம், ஸ்பூல் விலை கேட்டா தலை சுத்தும்.

பழைய ரிங்கு "நல்லாத்தானே இருக்கு"ன்னு திரும்பப் போடுற வேலையே வேண்டாம். ஒருதரம் டைட் ஆனா அந்தக் குரூவோட உருவத்துக்கு அது நசுங்கியாச்சு, அடுத்த தரம் அதுகிட்ட நசுங்க மிச்சம் இல்ல. ஃபோர்மேன் அவசரப்படுத்துவான், படுத்தட்டும்.

குரூவை சுத்தம் பண்ணுறதுல நேரம் போட்டா பின்னால ராத்திரி தூங்கலாம். துணியும் சால்வென்ட்டும் வச்சுத் துடை, கம்பி பிரஷ், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கிட்டவே கொண்டு வராதே. துடைச்சப்புறம் டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல படுக்கவச்சு அடிச்சுப் பாரு, கீறல் இருந்தா நிழல் விழுந்து தெரியும். அப்புறம் கிளவுஸைக் கழட்டிட்டு விரல் நகத்தை குரூவோட சாய்வு முகத்துல பைய ஓட்டு, ரெண்டு சாய்வுலயும் ஓட்டணும். நகம் எங்கயாவது தட்டுதா? வட்டமாப் போற கீறல்னா மெஷின் கோடாவும் இருக்கும், பெருசா பயம் இல்ல. குரூவைக் குறுக்க வெட்டி உள்ள இருந்து வெளிய போற கீறல்தான் எமன், கேஸ் போகதுக்கு அதுவே ரோடு. நகம் குறுக்குக் கீறல்ல தட்டுச்சின்னா அங்கயே வேலைய நிப்பாட்டி சூப்பர்வைசரைக் கூப்பிடு. நீயா எமரி பேப்பர் எடுத்துத் தேய்க்காதே, கிரீஸ் அப்பி மறைக்காதே, டெஃப்லான் டேப் சுத்துறது எல்லாம் குழாய் வேலை, இங்க கிடையாது. ரிங்குல மெல்லிசா எண்ணெய் தடவுனா போதும்.

ரிங்கை வச்சிட்டு கையால அசைச்சுப் பாரு, குரூவ்ல லேசா ஆடணும், ஒரு பக்கம் தூக்கிட்டு நின்னா அளவு தப்பு இல்லாட்டி அடியில குப்பை. அப்புறம் மேல உள்ள ஐட்டத்தை கிரேன்ல நேரா இறக்கணும், சாய்ஞ்சு இறங்குனா ரிங்கோட விளிம்பு அடிபடும், அடிபட்டா அந்த ரிங்கு போச்சு.

ஸ்டட் டைட் பண்ணுறது லாரி வீல் நட்டு மாதிரிதான், எதிரெதிரா. முதல்ல கையால எல்லாத்தையும் போட்டு, ரெண்டு பக்கமும் நட்டுக்கு வெளிய கொஞ்சம் திரெட் தெரியுதான்னு பாத்துட்டு, சொன்ன டார்க்ல (நட்டை முறுக்குற விசையோட அளவு) 30 சதவீதம் ஒரு சுத்து, 60 ஒரு சுத்து, 100 ஒரு சுத்து, எல்லாம் எதிரெதிரா, கடைசியா கடிகார முள்ளு போற வாக்குல ஒண்ணு விடாம ஒரு சுத்து, எந்த நட்டும் அசையாத வரைக்கும். டார்க் டேபிள்ல ரெண்டு காலம் (column) இருக்கும், ஒண்ணு உராய்வு 0.13க்கு, இன்னொண்ணு 0.07க்கு. நம்மாளுங்க பலபேரு இதத் தாண்டிப் போயிருவான். நீ போடுற கிரீஸ் எதுக்கு உள்ளதோ அந்தக் காலத்தைப் பாக்கணும். டேபிள் போட்டிருக்கது ஸ்டட்டோட ஈல்டுல (ஸ்டட் நிரந்தரமா நீளத் தொடங்குற அளவு) பாதி அளவுக்கு இழுக்கத்தான். வழுக்குற மோலி கிரீஸைப் போட்டுட்டு 0.13 டார்க்கைக் குடுத்தா ஸ்டட்டு ஈல்டுக்குப் பக்கத்துல போயிரும், அப்புறம் பிரஷரும் சூடும் ஏறும்போது தாங்குமாங்கிறது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதுல புதுசா வாறவன் குழம்புற இடம் ஒண்ணு உண்டு. 6பி ஃபிளேஞ்சுல ஆர் ரிங்கு போட்டா டைட் ஆனப்புறமும் ரெண்டு ஃபிளேஞ்சுக்கும் நடுவுல இடைவெளி நிக்கும், அது அப்படித்தான் நிக்கணும். அந்த இடைவெளி சுத்தி ஒரே அளவா இருக்கான்னு மட்டும் நாலு இடத்துல அளந்து பாரு. அத மூடியே தீருவேன்னு முறுக்குனா ரிங்கு நசுங்கும், ஸ்டட்டு அறும். 6பிஎக்ஸ்ல நேர்மாறு, ரிங்கு உள்ள போய் ரெண்டு முகமும் தொடுற மாதிரிதான் டிசைன். எந்த ஃபிளேஞ்சுன்னு தெரியாம ஸ்பேனர் எடுக்கப்பிடாதுன்னு சொல்லுறது இதனாலதான்.

ஹேமர் யூனியன், அதாவது சுத்தியலால அடிச்சு இறுக்குற பைப் இணைப்பு, பத்தி சுருக்கமா: 2 இஞ்ச்ல 1502, 602ன்னு ரெண்டு வேற வேற டைப் ஒண்ணோட ஒண்ணு மாட்டும், சுத்தியலால அடிச்சா இறுகவும் செய்யும், பிரஷர் ஏறுனப்புறம் பிச்சிட்டுப் பறக்கும். ஆள் செத்திருக்கு. ரெண்டு பக்கமும் நம்பரைப் படிக்காம மாட்டாதே, நம்பர் அழிஞ்சிருந்தா தூக்கித் தூரப் போடு.

வால்வுக்கு வருவோம். கேட் வால்வு முழுசா தொறக்கணும், இல்ல முழுசா அடைக்கணும், நடுவுல வச்சு ஃபுளோ குறைக்கிற சோலியே கிடையாது. பாதியில நிறுத்துனா மணலும் கேஸும் கேட்டோட விளிம்பையும் சீட்டையும் அரிச்சுத் தின்னுரும், அப்புறம் அடைச்சாலும் அடையாது. தொறக்கும்போதும் அடைக்கும்போதும் எத்தனை சுத்துன்னு எண்ணு, வால்வுல டேக் கட்டி எழுதி வை. தொறந்தது ஒரு கணக்கு, அடைக்கும்போது அதுக்கு முன்னாலயே நின்னுட்டுன்னா அடியில மெழுகோ மணலோ கம்பியோ கிடக்கு, பைப்பை மாட்டி பலவந்தமா திருப்பாதே. ஸ்லாப் கேட்டா (ஒரே தட்டு) இருந்தா முழுசா அடைச்சிட்டு கால் சுத்து பின்னால விடணும், கேட்டு மிதந்து பிரஷரே அத சீட்டுல அமுக்கும். எக்ஸ்பான்டிங் கேட்டுன்னா (ரெண்டு துண்டா விரிஞ்சு அடைக்கது) அப்படி விடப்பிடாது, இறுக்கித்தான் வைக்கணும், அதனால வால்வு எந்த ஜாதின்னு மேனுவல்ல பாத்துட்டுத் தொடு. ஒரு பக்கம் பிரஷர் இன்னொரு பக்கம் ஸீரோன்னு இருக்கும்போது படார்னு தொறக்காதே, ரெண்டு பக்கத்தையும் சமமாக்கிட்டுத் தொற.

தொறக்க வரிசை மாஸ்டர் முதல்ல, விங் அப்புறம், சோக்கு கடைசி. வால்வை அடைக்கும்போது திருப்பி, விங் முதல்ல, மாஸ்டர் அப்புறம். ஏன்னா தேய்மானம் எல்லாம் விங்குக்கு வரட்டும், விங்கை மாத்தலாம், லோயர் மாஸ்டரை மாத்தணும்னா கிணத்தையே அடக்கணும். லோயர் மாஸ்டரை வேற வழி இல்லாத நாளைக்கு வச்சிருக்கோம், தினம் அதுல விளையாடாதே.

வால்வுக்கு கிரீஸ் அடிக்கும்போது கிரீஸ் ஃபிட்டிங்குக்கு நேர நிக்காம பக்கவாட்டுல நில்லு, கேப்பை பைய லூஸ் பண்ணி உள்ள செக் வால்வு பிடிக்குதான்னு பாத்துட்டுத்தான் முழுசா கழட்டணும். பிரஷர் இருக்கும்போது ஃபிட்டிங்கையே கழட்டுனா உள்ள இருந்து வாறது குண்டுதான்.

ஃபுளோவைக் கட்டுப்படுத்த உள்ளது சோக்கு. பாசிட்டிவ் சோக்குல பீன்னு ஒரு துண்டு இருக்கும், அதோட ஓட்டைதான் அளவு, இஞ்ச்சை 64 பங்காக்கி அந்தக் கணக்குல சொல்லுவான், 32 சோக்குன்னா 32/64, அதாவது அரை இஞ்ச். அட்ஜஸ்டபிள்ல ஊசியும் சீட்டும். கேஸ் கிணத்துல சோக்குக்கு கீழ (லைன் பக்கம்) உள்ள பிரஷர் மேல (கிணத்துப் பக்கம்) உள்ளதுல பாதிக்குக் கீழ இறங்குனா, அதுக்கு அப்புறம் லைன்ல என்ன ஆட்டம் போட்டாலும் கிணத்துல இருந்து வாற அளவு மாறாது. அந்த நிலையிலதான் கிணறு அமைதியா ஓடும். அட்ஜஸ்டபிள் சோக்கை வால்வா நினைச்சு இறுக்கி அடைக்காதே, ஊசி முனை போயிரும். கேஸ்ல பிரஷர் சட்டுனு விழுந்து குளிர்ந்து, பாலைவன வெயில்லயும் சோக்குக்கு வெளிய வெள்ளையா ஐஸ் பிடிச்சிருக்கும், உள்ள ஹைட்ரேட் (தண்ணியும் கேஸும் சேந்து ஐஸ் மாதிரி உறையுறது) கட்டிட்டு அடைக்கும், அதுக்குத்தான் மேல் பக்கத்துல மெத்தனால் அடிக்கது.

பீன் மாத்தும்போது விங்கை அடைச்சு, கீழ் பக்கத்தையும் அடைச்சு, நடுவுல உள்ள பிரஷரை பிளீட் பண்ணி (வெளிய விட்டு), பிளீட் பிளக்ல ஒண்ணும் வரலைன்னு பாத்துட்டு, அப்புறமும் கேப்பை ஒரு சுத்து லூஸ் பண்ணி நிப்பாட்டி கவனி. ஹைட்ரேட் அடைச்சு உள்ள பிரஷர் ஒளிஞ்சிருந்தா கேஜ் ஸீரோ காட்டும், அந்த ஸீரோவை நம்பாதே.

ரப்பர் சீல் பத்தி நம்ம ஊருக்காரனுக்கு ஒண்ணு சொல்லணும். குலசேகரம் பக்கம் வெட்டுற பால் ரப்பர் எண்ணெய் பட்டா ஊதிரும், அதனால இங்க வாறதெல்லாம் நைட்ரைல், அதவிட சூடு தாங்கணும்னா எச்என்பிஆர், விட்டான். கருப்பு ஓ-ரிங் எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சு மாத்திப் போட்டிராதே, பாக்கெட்டுல உள்ள பேரைப் படி. வெயில்லயும் ஓடுற மோட்டருக்குப் பக்கத்துலயும் வைக்காதே, விரிசல் விட்டுப் போகும்.

எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடுங்கிற விஷ கேஸ்) உள்ள கிணறுன்னா மெட்டீரியலே வேற. கடினமான ஸ்டீல் அதுல பட்டா சத்தமில்லாம விரிசல் விடும், கார்பன் ஸ்டீலோட கடினம் ராக்வெல் சி அளவுல 22க்குள்ள இருக்கணும்னு கணக்கு. கேஸ் படுற இடத்துல பி7 ஸ்டட்டுக்குப் பதிலா கடினம் குறைஞ்ச பி7எம் கேப்பான், ஸ்டட் முனையில உள்ள முத்திரைய பாரு. உன் மீட்டர் 10 பிபிஎம்ல (காத்துல பத்து லட்சத்துல 10 பங்கு) கத்துனா வேலைய போட்டுட்டு காத்து எங்க இருந்து அடிக்குன்னு பாத்து அதுக்குக் குறுக்கா நடந்து மேல்காத்துப் பக்கம் போ, முட்டை நாத்தம் நின்னுட்டுன்னா கேஸ் போயிட்டுன்னு அர்த்தம் இல்ல, உன் மூக்கு செத்திருக்கும். 100 பிபிஎம் உயிருக்கே ஆபத்து.

கடைசியா டெஸ்டிங். தண்ணி நிறைச்சு காத்தை முழுசா வெளிய விடு, உள்ள காத்து மாட்டிட்டுன்னா அது ஸ்பிரிங் மாதிரி சக்தியச் சேத்து வச்சிருக்கும். முதல்ல லோ டெஸ்ட், பிஓபி (கிணறு பீறிட்டு வராம அடைக்க சாமான்) எல்லாம் 250 இருந்து 350 பிஎஸ்ஐ, 5 நிமிஷம், அப்புறம்தான் ஹை டெஸ்ட். ஹைல பிடிச்சா லோவும் பிடிக்கும்னு நினைக்காதே, ரப்பர் சீலை பிரஷரே அமுக்கி மூடும், அதனால ஹைல பிடிக்கிற சீல் லோல ஒழுகும். லோ டெஸ்ட் பண்ணும்போது 1000க்கு ஏறிட்டுன்னா அப்படியே இறக்கி 300ல நிப்பாட்டி நேரம் எண்ணாதே, ஸீரோவுக்குப் போயிட்டு திரும்ப வா. வெயில் ஏறும்போது பிரஷர் தானா ஏறும், சாயங்காலம் தானா இறங்கும், பிரஷரைக் கோடா வரையுற சார்ட்டைப் பாத்து லீக்கா சூடான்னு பிரிக்கத் தெரியணும், லீக்னா கோடு விடாம இறங்கும், சூடு மாத்தம்னா கொஞ்ச நேரத்துல நேராகும்.

லீக் தெரிஞ்சா பிரஷர்ல வச்சே நட்டை முறுக்காதே. யாரு சொன்னாலும் முறுக்காதே. ஸீரோவுக்கு இறக்கு, ரெண்டு பக்க கேஜும் ஸீரோவான்னு பாரு, அப்புறம் டார்க்கை செக் பண்ணு, அப்பவும் ஒழுகுச்சின்னா தொறந்து புது ரிங்கு போடு. சார்ட்டுல ஃபிளேஞ்ச் சீரியல் நம்பர், ரிங்கு நம்பர், தேதி, டைம் எழுதி கம்பெனி மேன்கிட்ட (கிணத்துக் கம்பெனியோட சைட் ஆளு) கையெழுத்து வாங்கிட்டு, அந்த சார்ட்டை உன் போன்ல ஒரு போட்டோ எடுக்க அனுமதி உண்டான்னு கேட்டு எடுத்து வச்சிக்கோ, சைட்ல போனுக்குத் தடைன்னா ஆபீஸுக்கு வந்து எடு.